ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோ கம்பி? தீவகத்திலிருந்து ஒரு விலைக் கணக்கு

2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டம் வடக்கு, கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தது. 2016இல் ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தின் இரும்புப் பொருத்து வீடு ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விலை ஏறத்தாழ 21 இலட்சம். 2018 ஒக்ரோபரில் 28,000 வீடுகளுக்கு 3,580 கோடி ரூபாவை அமைச்சரவை அங்கீகரித்தபோது ஒரு வீட்டுக்கு வந்தது 12 இலட்சத்து 80 ஆயிரம். 2025 கடைசியில் டித்வா புயலுக்குப் பின்னர், முற்றாக அழிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபா என்று அறிவிக்கப்பட்டது.

ரூபாவின் வீழ்ச்சி இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அந்தந்தக் காலத்து நாணய மாற்று வீதத்தில் டொலருக்கு மாற்றிப் பார்த்தாலும் இந்தத் தொகைகள் ஒழுங்காக ஏறவில்லை. முதலாவது சுமார் 4,300 டொலர். இரண்டாவது 14,500. மூன்றாவது 7,500. நான்காவது 16,000. இவை ஒரே வகையான ஏற்பாடுகளும் அல்ல. ஒன்று உரிமையாளரே கட்டுவதற்கான உதவிப் பணம், இரண்டு நிறுவனங்களுக்கான ஒப்பந்தம், கடைசியானது அனர்த்த நிவாரணம். ஆனாலும் ஒரு பொது அம்சம் உண்டு. வீட்டில் குடியிருக்கப்போகிற மனிதரின் காதுக்கு வந்தது மொத்தத் தொகை மட்டும்தான். அதில் சீமெந்து எவ்வளவு, இரும்பு எவ்வளவு, ஏற்றுக்கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொன்ன காகிதம் அவருடைய கைக்கு வரவில்லை.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை வேலணையில் இருந்துகொண்டு, ஒரே ஒரு பொருளை வைத்து எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பொருள் இரும்பு. சீமெந்துக்கல்லை ஊரிலேயே அரியலாம். மணல், கல் பற்றிப் பேரம் பேசலாம். இரும்புக்கு அப்படி வழியில்லை. அது டொலரில் விலை குறிக்கப்பட்டு, கடல் கடந்து, கொழும்பு கடந்து, பண்ணைப் பாலம் கடந்து வருகிறது. வந்த பிறகு உப்புக்காற்றில் நிற்கிறது. ஒரு வீட்டுத் திட்டத்தின் கணக்கு எங்கே பிழைக்கும் என்பதை வேறெந்தப் பொருளையும்விட இரும்பு தெளிவாகக் காட்டும்.

முதலில் நிறை

கம்பியின் நிறையைக் கணக்கிட ஒவ்வொரு ஓவசியருக்கும் தெரிந்த ஒரு சூத்திரம் உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றர் கம்பியின் நிறை கிலோவில் வரும். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ. 10 மில்லிமீற்றர் 0.617. வளையத்துக்குப் பாவிக்கும் 6 மில்லிமீற்றர் 0.222.

550 சதுர அடிச் சிறிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பது தூண்கள், தூணுக்கு நான்கு 12 மில்லிமீற்றர் கம்பிகள், அத்திவாரத்துக்குள் இறங்குவதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 4 மீற்றர். மொத்தம் 144 மீற்றர், அதாவது ஆறு மீற்றர் நீளக் கம்பி 24. நிறை 128 கிலோ. அத்திவார மட்டத்திலும் லின்ரல் மட்டத்திலும் சுற்றி ஓடும் இரண்டு பீம்கள், ஒவ்வொன்றும் 40 மீற்றர், நான்கு 10 மில்லிமீற்றர் கம்பிகள். அது 320 மீற்றர், 197 கிலோ. வளையங்கள் ஏறத்தாழ 115 கிலோ. கூட்டினால் 440. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டும் நீளத்துக்கும் வெட்டுக் கழிவுக்கும் பத்து வீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட அரைத் தொன்.

வரைபடம் மாறினால் இந்த எண்ணும் மாறும். ஆனால் அரைத் தொன் என்ற அளவு கையில் இருந்தால் பல விடயங்கள் தெளிவாகும். கிலோவுக்கு 10 ரூபா ஏறினால் வீட்டுக்கு 5,000 ரூபா ஏறும். 100 ரூபா ஏறினால் 50,000. ஐந்தரை இலட்சம் ரூபா உதவியில் அது ஒன்பது வீதம். கதவு, யன்னல் போடாமல் சாக்குத் தொங்கவிட்ட வீடுகள் எப்படி வந்தன என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடப் பெரிய பொருளியல் தேவையில்லை.

நிறைக்குள்ளேயே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கம்பி கடையில் எண்ணித்தான் விற்கப்படுகிறது. 12 மில்லிமீற்றர் என்று வாங்கிய கம்பி உண்மையில் பதினொன்றரையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த அரை மில்லிமீற்றரில் எட்டு வீத இரும்பு போய்விடும். வேலணையில் நாற்பது வருடமாகக் கொத்தனார் வேலை செய்யும் ஐயா ஒருவரிடம் இதைக் கேட்டேன். "எண்ணி வாங்காதேங்கோ, பிள்ளை. நிறுத்து வாங்குங்கோ" என்றார். ஆறு மீற்றர் 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்று 5.3 கிலோ நிற்க வேண்டும். பத்துக் கம்பியைத் தராசில் வைத்தால் 53 கிலோ. இலங்கைத் தர நிர்ணயம் 375 சிறிய வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் 48 கிலோவுக்கு இறங்கினால் அது சிறிய வித்தியாசம் அல்ல.

இரண்டாவது திகதி

விலை எழுதிய காகிதத்தில் திகதி இல்லாவிட்டால் அந்த விலைக்கு அர்த்தமில்லை. இலங்கையில் இரும்புத் தாதை உருக்கி இரும்பு எடுக்கும் தொழில் இல்லை. இங்குள்ள ஆலைகள் பெரும்பாலும் இறக்குமதியான இரும்புக் கட்டிகளையே கம்பியாக உருட்டுகின்றன. ஆகவே பெட்டியில் உள்ளூர்ப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது டொலர்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360. உலகச் சந்தையில் இரும்பின் விலை ஒரு சதம்கூட ஏறவில்லை என்று வைத்தாலும், இரண்டு மாதத்தில் எங்களுக்கு 80 வீதம் ஏறிவிட்டது. அதன்மேல் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும், செப்ரெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது.

இந்த இடத்தில்தான் பெரிய அநீதி ஒன்று ஒளிந்திருக்கிறது. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்யும் கட்டட நிறுவனத்துக்கு விலை ஏற்றத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை கட்டடப் பொருட்களுக்கான விலைச் சுட்டெண்களை வெளியிடுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் அந்தச் சுட்டெண்களை ஒரு சூத்திரத்தில் போட்டு, ஏறிய விலைக்கு ஈடு கொடுக்கப்படுகிறது. வீதி போடுகிற நிறுவனத்துக்கும் மாடிக் கட்டடம் கட்டுகிற நிறுவனத்துக்கும் இது வழமையான நடைமுறை.

தனது வீட்டைத் தானே கட்டும் பயனாளிக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்குத் தரப்படுவது நிலையான தொகை. அதுவும் தவணை தவணையாக. அத்திவாரம் முடிந்தால் அடுத்தது, லின்ரல் மட்டம் வந்தால் அதற்கடுத்தது. தவணைக்கும் தவணைக்கும் இடையில் ஏறும் விலை அவருடைய தலையில். 2019 ஆட்சி மாற்றத்தோடு தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்களில் தவணைகள் நின்றுபோன குடும்பங்களை வடக்கின் எந்த மாவட்டத்திலும் காணலாம். அத்திவாரத்திலிருந்து மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கறள் பிடித்த கம்பிகள் அவர்களுடைய முற்றத்தில் இன்னும் நிற்கின்றன. மீதிப் பணம் இன்று முழுதாக வந்தாலும் அது 2019ஆம் ஆண்டின் விலைக்கான பணம்.

இலாபத்துக்குக் கட்டுபவரைப் பாதுகாக்கும் ஒரு சூத்திரம், குடியிருப்பதற்குக் கட்டுபவரை ஏன் பாதுகாக்கக்கூடாது? சுட்டெண் ஏற்கெனவே இருக்கிறது. சூத்திரமும் இருக்கிறது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

மூன்றாவது பாதை

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கிருந்து பண்ணைப் பாலத்தால் வந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், பிறகு வேலணை. லொறி இங்கு வரைக்கும் வரும். வேலணையிலிருந்து கடல்மேல் போட்ட வீதியால் புங்குடுதீவுக்கும் போகும். குறிகாட்டுவானில் வீதி முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கம்பி படகேற வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் அப்படித்தான்.

ஆக, நயினாதீவில் நிற்கும் ஒரு தூணின் கம்பி கடையில் ஒரு தடவை ஏறி, இறங்குதுறையில் இறங்கி, படகில் ஏறி, மறுகரையில் இறங்கி, உழவு இயந்திரத்தில் ஏறி, முற்றத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கூலி. காற்றுக் காலத்தில் படகு ஓடாவிட்டால் காத்திருப்பும் சேரும். நீளக் கம்பிகளை மடித்துக் கட்டி ஏற்றினால் மறுபடியும் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும் இடத்தில் கம்பி பலம் இழக்கும். வேலணைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் நயினாதீவும் வருகிறது. ஒரே செயலகம், ஒரே உதவித் தொகை. ஆனால் ஒரே விலை அல்ல.

பெரிய திட்டங்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்தியா ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடை அளிக்கிறது. பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டங்களும் காற்றாலைக் கோபுரங்களும் இரும்புதான். அந்த இரும்பு கடல் கடக்கும் செலவு ஒப்பந்த விலைக்குள்ளேயே வரும். அதைக் கணக்கில் எடுக்காமல் எந்த நிறுவனமும் விலை கொடுக்காது. நெடுந்தீவில் வீடு கட்டும் குடும்பம் மட்டும்தான் அந்தச் செலவு இல்லாததுபோல நடத்தப்படுகிறது.

ஏற்றுக்கூலியில் இன்னொரு கணக்கும் உண்டு. லொறிக்கு வாடகை பயணத்துக்குத்தான், கிலோவுக்கு அல்ல. அரைத் தொன் கம்பிக்கு ஒரு லொறி பிடிக்கும் குடும்பம் முழு வாடகையையும் சுமக்கிறது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஐந்து தொன். வாடகை பத்திலொன்று. கடையில் பேரம் பேசும் பலமும் வேறு. தீவகத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அரிசியும் சீனியும் பங்கிட்ட அனுபவம் அவற்றுக்கு உண்டு. ஒரு வீட்டுத் திட்டம் வரும்போது கம்பியையும் சீமெந்தையும் சேர்த்து வாங்கும் பொறுப்பை அவற்றிடம் கொடுத்தால், உதவித் தொகையைக் கூட்டாமலே உதவியைக் கூட்டலாம்.

நான்காவது உப்பு

எங்கள் பழைய வீடுகள் இந்தக் காற்றைத் தெரிந்து கட்டப்பட்டவை. முருகைக்கல், சுண்ணாம்பு, பனைமர வளை, பனஞ்சிலாகை. வைரம் பாய்ந்த பனைக்கு உப்பால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 1990, 1991 காலத்தில் தீவகம் இடம்பெயர்ந்து, பிறகு சிறுகச் சிறுகத் திரும்பியபோது கூரைகளும் இல்லை, பல வளவுகளில் பனைகளும் இல்லை. காவலரண்களுக்கு மேல் அடுக்கப்பட்டவை அந்தப் பனைகள்தான். சீமெந்துக்கும் கம்பிக்கும் மாறியது விருப்பத்தால் மட்டும் வந்த மாற்றம் அல்ல.

கம்பிக்கு உப்பு எதிரி. கொங்கிறீற்றுக்குள் உப்பு இறங்கினால் கம்பி கறள் பிடிக்கும். கறள் தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்தத் தள்ளுதலில் கொங்கிறீற் வெடித்துக் கழரும். தீவகத்தில் உப்பு காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. உவர் கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைத்தால் முதல் நாளிலேயே உள்ளே வந்துவிடுகிறது. நன்னீர் பவுசரில் வாங்கும் செலவும், கம்பியை மூடும் கொங்கிறீற்றை 25 மில்லிமீற்றரிலிருந்து 40 மில்லிமீற்றராகக் கூட்டும் செலவும் இரும்பின் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டியவை. இன்று விடும் இந்தச் செலவு பதினைந்து வருடத்தில் பீம் வெடிக்கும்போது பல மடங்காகத் திரும்பி வரும்.

மெல்லிய இரும்புத் தகட்டால் செய்யும் சட்டங்களுக்கு இது இன்னும் கடுமை. சந்தையில் வழமையான நாகப் பூச்சு சதுர மீற்றருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம். ஒரு புறத்தில் அது 20 மைக்ரோன் தடிப்பு. கடலோரக் கடும் சூழலில் நாகம் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை கரையும் என்று சர்வதேச நியமம் வகைப்படுத்துகிறது. உப்புக்காற்று நேரே படும் இடத்தில் அந்தப் பூச்சின் ஆயுள் ஐந்து வருடத்தைத் தாண்டாது. சுவருக்குள் மூடியிருந்தால் கூடுதலாக நிற்கும். ஆனால் மூடியிருக்கும் இடத்தில் கறள் பிடிப்பதும் கண்ணில் படாது.

21 இலட்சத்தைப் பிரித்தால்

இப்போது 2016இன் பொருத்து வீட்டுக்குத் திரும்புவோம். மீள்குடியேற்ற அமைச்சர் சுவாமிநாதன் காலத்தில் முன்வைக்கப்பட்ட அந்தத் திட்டம் 65,000 வீடுகளுக்கானது. 21 இலட்சத்தால் பெருக்கினால் 13,650 கோடி ரூபா. அன்றைய நாணய மாற்றில் ஒரு பில்லியன் டொலரை நெருங்கும் தொகை. மாதிரி வீடுகள் உரும்பிராயில் கட்டிக் காட்டப்பட்டன.

550 சதுர அடி வீட்டின் இரும்புச் சட்டம் தாராளமாக 3 தொன் என்று வைப்போம். ஒரு தொன் 1,000 டொலர் என்று அதையும் தாராளமாக வைப்போம். ஒரு டொலர் 145 ரூபா. மொத்தம் 4 இலட்சத்து 35 ஆயிரம். இரும்பு வீடு என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்றில் இரும்பின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். மிச்சம் சுவர்ப் பலகை, கூரை, பொருத்தும் கூலி, கப்பல் செலவு, தளபாடம், சூரிய மின்கலம், நிறுவனத்தின் இலாபம், கடனின் விலை. இவற்றில் எது எவ்வளவு என்பதுதான் அன்று பொதுவெளியில் கேட்கப்பட்ட கேள்வி. நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன், பொருளியல் ஆய்வாளர் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் அந்தப் பணத்தில் கல்வீடுகளை இரண்டு மடங்காகக் கட்டலாம் என்று வாதிட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அதன் நீடித்த உழைப்புப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். 65,000 வீடுகள் என்ற அந்தத் திட்டம் நிறைவேறவில்லை.

இதை இரும்புக்கும் கல்லுக்கும் இடையிலான சண்டையாக மட்டும் நினைவில் வைத்திருப்பது பிழை. கல்வீட்டில் மேசனின் கூலியும் தச்சரின் கூலியும் ஊருக்குள் நிற்கும், பொருத்து வீட்டில் நிற்காது என்பது உண்மை. அதைவிடப் பெரிய பாடம் வேறு. மொத்தத் தொகையைப் பிரித்துக் கேட்டபோதுதான் திட்டம் தளர்ந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் கடன் நாட்டின் கடனாகவும், அந்தக் கறள் எங்கள் முற்றத்துக் கறளாகவும் இருந்திருக்கும்.

கேட்க வேண்டியவை

அடுத்த வீட்டுத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், பயனாளிகள் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

இந்த வரைபடத்துக்கு எத்தனை கிலோ கம்பி, எந்த விட்டத்தில்? விலை எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, எத்தனை மாதத்துக்குச் செல்லும்? யாழ்ப்பாண நகரத்து விலையா, எங்கள் இறங்குதுறை விலையா? படகுக்கூலி எந்த வரியில் இருக்கிறது? நன்னீருக்கும் 40 மில்லிமீற்றர் மூடலுக்கும் பணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா? தவணை பிந்தினால் ஏறிய விலையை யார் கொடுப்பது?

அதிகாரிகள் பக்கத்தில் செய்யக்கூடியதும் அதிகம் இல்லை. மதிப்பீட்டுக்குப் பாவிக்கும் விலைப்பட்டியலில் கடல் கடக்கும் தீவுகளுக்குத் தனி ஏற்றுக்கூலி வீதம் ஒன்றைச் சேர்க்கலாம். ஒப்பந்தகாரருக்குள்ள விலைச் சுட்டெண்ணைத் தவணைப் பணத்துக்கும் பொருத்தலாம். கம்பி முழுவதையும் முதல் தவணையிலேயே வாங்க அனுமதிக்கலாம். அப்படி வாங்கினால் மண்ணில் போடாமல் கட்டைமேல் அடுக்கி, தறப்பாள் போட்டு மூட வேண்டும். மேலே மஞ்சளாகப் படியும் மெல்லிய கறள் பரவாயில்லை, செதில் செதிலாகக் கழரும் கறள் ஆகாது. இந்த விளக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து வீட்டு வரைபடத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

போரில் வீடு இழந்த ஒரு குடும்பத்துக்கு வீடு என்பது இரண்டாவது தடவை கட்டுவது. பலருக்கு மூன்றாவது தடவை. அந்த வீட்டின் கணக்கை வேறு யாரோ எங்கேயோ முடித்து, கடைசி எண்ணை மட்டும் அவர்களிடம் நீட்டும் வழக்கம் இனியும் தொடர வேண்டியதில்லை. பெருக்கத் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வரைபடத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாலே கணக்குப் பார்க்கத் தொடங்கலாம்.